சாமி மூலைக்குக் கேட்ட கண்ணாடி

அந்தக் கண்ணாடி என் கையை விரித்து வைத்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மூன்று மூலை. சின்னத்துரையின் காரில் கதவுக்குப் பின்னால், கூரை சரிந்து இறங்குகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருந்தது. திறக்க முடியாது, இறக்கவும் முடியாது. ரப்பர் பட்டிக்குள் செருகினபடியே நிற்கும். பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்ப்பதற்கு வைத்திருப்பார்கள் போலும். எங்கள் துரை ஒருநாளும் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அவ்வளவு வேகம்.

அந்தச் சின்னத் துண்டுதான் எங்கள் குடும்பத்தை ரோட்டில் நிறுத்தப் பார்த்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரைக்கு அடுத்தவரான சின்னத்துரையின் பங்களாவில் எனக்குக் கார் துடைக்கிற வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவன் நான். காரை ஓட்டுகிற உரிமை எனக்கு இல்லை, துரையேதான் ஓட்டுவார். கழுவுவது, மெழுகு போடுவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, காலையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைப்பது, இவ்வளவுதான். மலையில் மழையிலும் அட்டையிலும் நிற்காமல் கூரைக்குக் கீழே செய்கிற வேலை என்பதால் அதைப் பெரிய பாக்கியமாக நினைத்திருந்தேன். மனைவி கொழுந்து எடுத்தாள். இரண்டு பிள்ளைகள். மூன்றாவது அவள் வயிற்றில் ஆறு மாதம். லயத்து வீட்டு வரிசையில் ஒரு காம்பரா, அதாவது ஒரே ஒரு அறை. அடுப்பு, படுக்கை, சாமி, எல்லாம் அதற்குள்ளேதான்.

தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போகாது. கணக்கு முடித்து, வேலையை விட்டு நிறுத்துகிற பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைக்கே காம்பராவை விட்டு இறங்க வேண்டும். டயகம பக்கத்தில் இருந்த என் அண்ணனுக்கு அது நடந்தது. துரையிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினான். பெண்டு பிள்ளைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் நாலு தோட்டத்து ஆபீசு வாசலில் போய் நின்றான். சீட்டைப் பார்த்தவர்கள் யாரும் சேர்க்கவில்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வராமல் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த காலம். இந்த நாட்டுக்காரன் என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. காம்பரா ஒன்றுதான் இருந்தது. அண்ணன் கடைசியில் இந்தியாவுக்குக் கப்பலேறினான். போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அந்த வருசம் ஆயுத பூசைக்குச் சில நாள் முன்னால் சின்னத்துரை லீவில் போனார். கடற்கரைப் பக்கம் போகிறார் என்றும் சிநேகிதர் ஒருவரின் ஜீப்பில் போகிறார் என்றும் சொன்னார்கள். பங்களாச் சமையல்காரருக்கும் லீவு. காரும் நானும் மட்டும் பங்களாவில் நின்றோம். போகும்போது துரை கராஜுக்கு வந்து, தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழில், கார் பத்திரம் என்றார். பிறகு விரலை ஆட்டிக்கொண்டு, "சாமி வேலை வேணாம். போன வருசம் மாதிரி வேணாம்" என்றார்.

போன வருசம் நான் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன். குங்குமம் பெயிண்டில் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவர் திட்டியது எனக்கு மறக்கவில்லை. சரிங்க துரை என்று தலையை ஆட்டினேன்.

ஆட்டினது மெய்தான். ஆனால் அந்த நாள் வந்ததும் மனம் கேட்கவில்லை. விடிந்ததிலிருந்து தொழிற்சாலையில் மேளம். கொழுந்து அரைக்கிற மிசின், தராசு, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, மண்வெட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலை படைத்திருந்தார்கள். என் கையால் நான் தொட்டுத் துடைக்கிற பொருள் ஒன்றுக்குத்தான் பூசை இல்லை. அதுவும் எப்படிப்பட்ட பொருள்? அந்தக் கார் நம் ரோட்டு வளைவுகளில் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பாதாளம். துரைக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. யார் பெற்ற பிள்ளையோ. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் குற்றம் பூசை போடாத எனக்கல்லவா என்று நினைத்தேன். இதை நான் சாக்குக்காக எழுதவில்லை. அப்படித்தான் நினைத்தேன்.

காரில் ஒன்றும் படக்கூடாது என்று முடிவு பண்ணினேன். சந்தனம் வேண்டாம், குங்குமம் வேண்டாம். உச்சிப் பொழுதில் கராஜ் கதவைத் திறந்து, காரின் மேல் போட்டிருந்த கித்தான் உறையை எடுத்து, முன்னால் சூடம் கொளுத்திக் காட்டினேன். பிறகு வாசல் கருங்கல்லில் ஒரு தேங்காயை ஓங்கிச் சிதற அடித்தேன்.

தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. அதில் ஒரு சில்லு திரும்பி வந்து காரில் பட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன். கிட்டே போய்ப் பார்க்கும்போது அந்த மூன்று மூலைக் கண்ணாடி முழுவதும் பனி விழுந்த புல் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. நான் விரல் நுனியால் தொட்டேன். தொட்டதும் பொலபொலவென்று உப்புக்கல் மாதிரி உதிர்ந்து சீட்டில் கொட்டியது.

சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவும் மனம் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை.

மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. கண்ணாடித் தூளை வேட்டியில் முடிந்து கொண்டு போயிருந்தேன். அவிழ்த்துக் காட்டினேன். அவள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேணாம்னு சொன்ன எடத்துல போய் ஏங்க செஞ்சீங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு துரை வர எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். அன்று புதன்கிழமை. வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கள் அவர் வருவார். நடுவில் பதினோரு நாள்.

மறுநாள் மெழுகு வாங்கப் போவதாகச் சொல்லி ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். அங்கே மோட்டார் வேலை செய்கிற சிங்கள மேஸ்திரி ஒருவர் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். எங்கள் ஆட்களிடம் தமிழிலேயே பேசுவார். என்னை மல்லி என்பார், அவர்கள் பேச்சில் தம்பி. ஒரு காகித மட்டையில் அந்தக் கண்ணாடி இருந்த சட்டத்தின் அளவை வரைந்து, வெட்டி, கொண்டு போயிருந்தேன். முடிச்சையும் அவிழ்த்துக் காட்டினேன். பாஸ் தூளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். இது நெருப்பில் காய்ச்சிப் பதம் பண்ணின கண்ணாடி, இங்கே வெட்டவே முடியாது, சீமையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும் என்றார். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாள் இல்லை மல்லி, மாசம் என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். இந்தக் கண்ணாடி வளைவில்லாத தட்டைக் கண்ணாடிதான். கொழும்பில் கனத்த கண்ணாடி வெட்டுகிற கடைக்கு இந்த மட்டையை அனுப்பினால் அளவுக்கு வெட்டி, ஓரம் தீட்டித் தருவார்கள். ஹட்டனில் இருப்பது ஜன்னல் கண்ணாடி, அது மெல்லிசு, மூன்றாவது வளைவிலேயே நொறுங்கிவிடும். கால் அங்குலம் என்று எழுதச் சொல்லு என்றார்.

எழுத யார் இருக்கிறார்கள்? எனக்கு இங்கிலீசு தெரியாது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா ஒருவர்தான் அந்த மாதிரிக் கடைகளுக்கு எழுதுகிறவர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பெரிய துரையின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர். அவருக்கு விசயம் தெரிந்தால் பெரிய துரைக்குத் தெரிந்தது மாதிரிதான். அதனால் ஒரு பொய்யை யோசித்துக்கொண்டு போனேன்.

ஐயா, ஒரு கண்ணாடி வேணும், கொழும்புக்கு எழுதிப் போடணும் என்றேன். மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, மூணு மூலையா இருக்கு? ஒம் பொண்டாட்டி மொகம் அப்படியா இருக்கு?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சாமி மூலைக்குங்க ஐயா. மாடம் அந்த மாதிரி."

அவர் முகம் மாறிவிட்டது. கேலியை விட்டுவிட்டு, நல்ல காரியம் என்று சொல்லி அப்போதே பேனாவை எடுத்தார். கால் அங்குலம் என்றேன், எழுதினார். காலதாமதம் பண்ணாமல் ரயிலில் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன், அதையும் எழுதினார். பணத்தையும் மட்டையையும் அவரே தபாலில் சேர்ப்பித்தார். நான் வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். சாமி பேரைச் சொல்லி நான் அதுவரை பொய் சொன்னதில்லை. என் தகப்பனார் வாங்கித் தந்த பழநியாண்டவர் படத்துக்கு முன்னால் அன்று சாயங்காலம் விளக்கேற்றினது மனைவிதான். நான் வாசலிலேயே இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் கித்தான் உறைக்குள் புகுந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவேன். உறையை எடுக்கப் பயம். அந்தக் கண்ணாடி இருந்த ஓட்டையில் துணியை அடைத்திருந்தேன். யாராவது பங்களா ரோட்டில் நடந்து வந்தால் கராஜ் கதவைச் சாத்திவிடுவேன். மத்தியானத்தில் கறுத்துக்கொண்டு மழை வரும். மழைச் சத்தத்தில் ஜீப் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தபால் வருகிற நேரத்துக்கு ஆபீசு வாசலில் போய் நிற்பேன். கிளாக்கர் ஐயா ஒவ்வொரு நாளும் கையை விரிப்பார். ஒருநாள், சாமிக்கு அவசரமில்லடா, ஒனக்குத்தான் அவசரம் என்றார்.

மனைவி ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். பத்துச்சீட்டு குடுத்துட்டா புள்ள பெறுற வரைக்குமாவது இருக்க விடுவாங்களா? நான் விடுவார்கள் என்றேன். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், விட மாட்டார்கள்.

துரை வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலையில், ரயில் பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. பஸ்சுக்கு நிற்கப் பொறுமை இல்லாமல் பாதி வழி நடந்தேன், பாதி வழி லொறியில் தொற்றிக்கொண்டு போனேன். ஹட்டன் ஸ்டேசனில் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினேன். மெல்லிய பலகைப் பெட்டி, உள்ளே வைக்கோல். பங்களாவுக்குக் கொண்டு போய்த் திறக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் சாமான் கொட்டகைத் தாழ்வாரத்திலேயே பலகையை நெம்பி, வைக்கோலை விலக்கினேன்.

உள்ளேயிருந்து என் முகம் என்னைப் பார்த்தது.

எட்டு நாள் சவரம் பண்ணாத முகம். அது யாருடைய முகம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெள்ள மெள்ளப் புரிந்தது. வெட்டு சரி. மூன்று மூலையும் மட்டையோடு மயிரிழை பிசகாமல் இருந்தது. தடிப்பும் சரி. ஆனால் அது முகம் பார்க்கிற கண்ணாடி. முதுகில் செங்கல் நிறத்தில் சாயம் பூசி, சாமி மாடத்தில் வைக்கிற பொருளாயிற்றே என்று ஓரங்களைச் சரிவாகப் பட்டை தீட்டி, அவ்வளவு அழகாக அனுப்பியிருந்தார்கள்.

கிளாக்கர் ஐயா மேல் குற்றமில்லை. கடைக்காரன் மேலும் இல்லை. சாமி மூலைக்குக் கண்ணாடி என்று கேட்டால் யாராக இருந்தாலும் இதைத்தான் நினைப்பார்கள். ஜன்னலுக்கு, காருக்கு என்று ஒரு சொல்லை நான் சேர்த்திருந்தால் போதும். அந்தச் சொல்லைத்தான் நான் மறைத்தேன். நான் சொன்ன பொய்க்கு ஏற்றபடி பொருள் வந்து சேர்ந்துவிட்டது.

ரயில் மேடைக் கடைசியில் போய் உட்கார்ந்தேன். வட்டவளைப் பக்கமிருந்து ஒரு வண்டி மூச்சு வாங்கி ஏறி வந்தது. அந்த நேரத்தில் எனக்குள் வந்த எண்ணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தேன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். முருகா, ஆறு மாசக் கர்ப்பிணியை ரோட்டில் விட்டுவிடாதே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பொய் சொன்ன வாய்தான், ஆனாலும் என்னிடம் வேறு வாய் இல்லை. வண்டி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், போயிற்று. நான் எழுந்து பாஸிடம் நடந்தேன்.

பாஸ் பெட்டிக்குள் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். எங்க சிங்களப் பேச்சில முகம் பாக்கிறது 'கண்ணாடிய', காருக்குப் போடுறது 'வீதுரு', ஒங்களுக்கு ரெண்டுக்கும் ஒரே பேருதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கி, குப்புறப் போட்டு, சாயத்தை நகத்தால் சுரண்டினார். பிறகு விரலால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"ஒரே பேரு சரிதான் மல்லி. முதுகில் இருக்கிற சாயம் போச்சுன்னா இதுவும் வீதுருதான். களட்டு."

எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது. காரச் சோடாவை ஒரு தகர டின்னில் போட்டுக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்துச் சாயத்தின் மேல் ஊறவிட வேண்டும். பிளேடு, கத்தி எதுவும் படக்கூடாது, ஒரு கீறல் விழுந்தால் வெயிலில் தெரியும். சாயம் போன பிறகு உள்ளே வெள்ளி மாதிரி இருக்கும், அதை நனைத்த சாம்பலால் துணி வைத்துத் தேய்க்க வேண்டும். ரப்பர் பட்டியை மாட்டுகிற விதமும் சொல்லித் தந்தார். பட்டை தீட்டின ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை ஒன்றும் செய்ய முடியாது, பட்டிக்குள்ளே முக்கால்வாசி மறைந்துவிடும் என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. பிள்ளைகளைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு மனைவியும் கராஜுக்கு வந்தாள். வரவேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மேல் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி வழிந்தது. அதன் கீழே வெள்ளி. சாம்பலை அள்ளித் தேய்த்தால் முதலில் ஒன்றுமே ஆகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு மூலையில் காசளவுக்கு வெளுத்தது. அதன் வழியாகத் தரைச் சிமெந்து தெரிந்தது.

அவள் கை கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்த கை. காரச் சோடா அந்தக் கறையைத் தின்று, விரல் இடுக்கில் தோலையும் தின்றுவிட்டது. எரியுதா புள்ள என்று கேட்டேன். எரியட்டும், நீங்க தேயுங்க என்றாள். குனிய முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றின் மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அதில் தெரிந்த அவள் முகம் துண்டு துண்டாகக் காணாமல் போயிற்று. கடைசியில் அவள் அதைத் தூக்கிப் பிடித்தபோது மறு பக்கத்தில் அவள் கண்கள் இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. சிரிக்கிற நேரமில்லை, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

மாட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. ரப்பர் பட்டியைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, பட்டியின் வெளிக் காடியில் ஒரு கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் காருக்குள்ளே விட வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளே இருக்கிறவர் கயிற்றை மெள்ள இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். மனைவி வெளியே நின்று இரண்டு கையாலும் அழுத்தினாள். நான் உள்ளே குறுகி உட்கார்ந்து இழுத்தேன். இரண்டு தடவை மேல் மூலையில் நழுவியது. மூன்றாவது தடவை அவள், வேல்முருகா என்று ஒரு முட்டு முட்டினாள். கண்ணாடி நொறுங்கிற்று என்றே கண்ணை மூடிக்கொண்டேன். கயிறு முழுவதும் என் கைக்கு வந்திருந்தது. கண்ணாடி நின்றது.

திங்கட்கிழமை மழையில் துரை வந்தார். வெயில்பட்டுச் சிவந்திருந்தார். காரைச் சுற்றி வந்து பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், குட் என்றார். நான் லயத்துக்கு ஓடினேன். அன்றைக்குப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மழை இல்லை. அந்த மாசத்தில் அப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை. ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டு முடிந்து, ஆட்களை மலைக்கு அனுப்பிவிட்டு, துரை காரில் திரும்பி வந்தார். கராஜ் வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இங்க வா என்றார். பக்கத்துச் சீட்டைக் காட்டினார். பழுப்புத் தோல் சீட்டில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு விரல் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. ரப்பர் பட்டியை மீறி வெளியே நின்ற பட்டை ஓரத்தில் வெயில் பட்டு விழுந்த வானவில். அடுத்த பக்கத்துக் கண்ணாடியில் அது இல்லை.

"இது என்னா?" என்றார்.

முன்னாடியே இப்படித்தான் துரை என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. ஸ்டேசன் தாழ்வாரத்தில் பெட்டிக்குள்ளேயிருந்து பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. இன்னொரு பொய்க்கு இன்னொன்று என்ன வந்து சேருமோ என்று பயந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூசை போட்டது, தேங்காய் பட்டது, கொழும்புக்கு எழுதினது, சாயத்தைக் கழற்றினது, எல்லாம்.

"நான் என்னா சொன்னது?"

"சாமி வேலை வேணாம்னு சொன்னீங்க துரை."

"பின்னே?"

"வளைவுல நீங்க ரொம்ப வேகமாப் போறீங்க. பயந்து போய்க் கும்புட்டேன் துரை."

அவர் முகம் சிவந்தது. கோபமா வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை, வெள்ளைக்காரர் முகம் எதற்கும் சிவக்கும். அந்தக் கண்ணாடியை உள்ளேயிருந்து கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். யார் போட்டது என்று கேட்டார். நானும் என் பொஞ்சாதியும் என்றேன். காரைப் பூட்டி, சாவியை எப்போதும் போல என் கையில் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்குள் போய்விட்டார்.

சாவி பைக்குள் போனதும் எனக்கு முடிந்துவிட்டது. போ என்று யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மத்தியானம் வரைக்கும் கராஜ் வாசலிலேயே நின்றேன். பிறகு லயத்துக்குப் போனேன். மனைவி மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பாயைச் சுருட்டினாள். சட்டி பானைகளைச் சாக்கில் போட்டாள். அரிசியை ஒரு துணியில் கட்டினாள். படத்தைக் கழற்றப் போனவள் என் பக்கம் திரும்பி, நீங்க எடுங்க என்றாள். என்னால் முடியவில்லை. அது மட்டும் சுவரில் இருந்தது. சின்னவன் என்னிடம் வந்து நாம எங்கப்பா போறோம் என்று கேட்டான்.

நான்கு மணிக்கு ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கிளாக்கர் ஐயா சின்னத்துரையின் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சாமி மூலை நல்லா ஓடுதாமே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிச்சுக்கங்க ஐயா என்றேன். எங்கிட்ட உள்ளதைச் சொல்லியிருந்தா சரியாத்தானடா எழுதியிருப்பேன் என்றார் அவர். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. பிறகு காகிதத்தை வாசித்தார். நாளையிலிருந்து பங்களாவில் வேலை இல்லை. பெரட்டுக் களத்தில் நின்று கவ்வாத்துக் கணக்கில் சேர வேண்டும்.

பத்துச்சீட்டா ஐயா என்று கேட்டேன். இல்லடா, மலைக்கு என்றார். இன்னொரு தடவை வாசிங்க ஐயா என்றேன். வாசித்தார். காம்பராவைப் பற்றி ஏதாவது போட்டிருக்கா என்று கேட்டேன். அதைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை, போய் வேலையைப் பாரு என்றார்.

லயத்துக்கு வந்து மனைவியிடம் மலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் புரியாமல் பார்த்தாள். நாம இங்கயேதான் என்றேன். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் சந்தோசம் என்று ஒன்று வரவில்லை. கூரைக்குக் கீழே இருந்த வேலை போய்விட்டது, இனி மழையோடும் அட்டையோடும்தான் என்று தெரியும். முப்பது வயசுக்கு மேல் கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் போகிறவனை ஆட்கள் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்றும் தெரியும். சாமிக்கு நன்றி சொல்ல நின்றேன். நன்றியும் வந்தது, அழுகையும் வந்தது. எது எதற்கு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவி எழுந்தாள். எரிந்து தோல் உரிந்த விரல்களால் துணி முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதிலிருந்து இரண்டு சுண்டு அரிசியை அளந்து எடுத்துக் களைந்தாள். சாக்கிலிருந்த சட்டியைத் தேடி எடுத்து, தண்ணீர் கொண்டு வரச் சொல்லி என்னைப் பீலிக்கு அனுப்பினாள்.